பிச்சை என்று பெயரிட்ட தாய்மார்கள்

என் தாத்தாவின் பெயர் பிச்சை. அது பட்டப்பெயரோ வீட்டில் செல்லமாக அழைத்த பெயரோ அன்று. பட்டாவிலும் குடும்ப அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் அவர் பிச்சை என்றே பதிவாகியிருந்தார். மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் அவருடைய தலைமுறையில் அந்தப் பெயருடையவர்கள் பலர் இருந்ததால், மேலத்தெரு பிச்சை, கடைக்காரப் பிச்சை என்று அடைமொழி சேர்த்துத்தான் ஆளைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பெண்களில் பிச்சையம்மாளும் பிச்சாயியும் இருந்தார்கள். இன்று அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரில் ஒரு பிள்ளைகூட இல்லை. ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுவதும் எல்லாச் சாதிகளிலும் எல்லா மதங்களிலும் புழங்கிய ஒரு பெயர், இரண்டு தலைமுறைகளுக்குள் யாரும் தம் குழந்தைக்கு வைக்கக் கூசும் பெயராக எப்படி ஆனது என்பதைப் பல ஆண்டுகளாக யோசித்துவருகிறேன்.

2015 ஆகஸ்டில் சுந்தர் பிச்சை கூகுள் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக அறிவிக்கப்பட்டபோது உலகம் இந்தப் பெயரைக் கேட்டது. 1972இல் மதுரையில் பிறந்த அவருடைய இயற்பெயர் பிச்சை சுந்தரராஜன். தந்தையின் பெயர் ரகுநாத பிச்சை. தந்தை பெயரை முன்னால் வைத்துத் தன் பெயரைப் பின்னால் வைக்கும் நம் வழக்கம், அமெரிக்காவின் குடும்பப் பெயர் முறைக்குள் போனபோது இடம் மாறிக்கொண்டது. அந்த நாட்களில் பெருமையோடு அவரைப் பற்றிப் பேசிய இளைஞர்கள் பலர், பெயரை உச்சரிக்கும் இடத்தில் மட்டும் சற்றுத் தயங்கியதைக் கவனித்தேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகளே, இவ்வளவு பெரிய மனிதருக்கு ஏன் இப்படி ஒரு பெயர் என்று கேட்டார்கள். தம் கொள்ளுத்தாத்தாவின் பெயரும் அதுதான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அவர், தம் தாத்தாவின் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘பி’ என்ற ஓர் எழுத்து.

பெயர் வந்த கதையை எனக்குச் சொன்னவர் அப்பாயி. தாத்தாவுக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் எதுவும் தங்கவில்லை. ஒன்று மாந்தத்தில் போனது, ஒன்றுக்கு இழுப்பு வந்தது, ஒன்று எதனால் போனது என்றே யாருக்கும் தெரியவில்லை. தாத்தா பிறந்ததும் அவருடைய தாய் குழந்தையைத் தன் குழந்தை என்று சொல்லிக்கொள்ளவே அஞ்சினார். தெருவில் வீடுவீடாகச் சென்று முந்தானையை விரித்து மடிப்பிச்சை ஏந்தினார். கிடைத்த அரிசியைப் பொங்கிக் குலதெய்வத்துக்குப் படைத்து, ‘இது என் வயிற்றில் பிறந்ததில்லை, நீ போட்ட பிச்சை’ என்று சொல்லிக் குழந்தைக்கு அந்தப் பெயரையே வைத்தார். மூக்கும் குத்தினார்கள். வயதான காலத்திலும் தாத்தாவின் இடப்பக்க மூக்கில் அந்தத் தழும்பு தெரிந்தது.

இத்தகைய பெயர்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே விளக்கத்தைச் சொல்வார்கள்: அழகான பெயர் வைத்தால் கண்ணேறு படும், எமன் கவனிப்பான், ஆகவே மதிப்பில்லாத பெயரை வைத்துக் குழந்தையை மறைக்கிறார்கள் என்பது அந்த விளக்கம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அப்பாயி சொன்ன காரணம் வேறு. “சாமி போட்ட பிச்சைய சாமியே திரும்பிப் புடுங்காதுல்ல” என்பார். ஏந்திய கையில் ஒருமுறை விழுந்ததைக் கொடுத்தவர் திரும்பக் கேட்பது எந்த ஊரிலும் தருமம் இல்லை. எல்லாரையும் கட்டுப்படுத்தும் அந்த நியாயத்தைத் தெய்வத்தின்மீதும் போட்டுக் கட்டியிருக்கிறாள், எழுத்தறியாத ஒரு தாய். குழந்தையை ஒளித்து வைப்பதைவிட இது துணிச்சலானது. குழந்தையைக் கூப்பிடும்போதெல்லாம், நாள் முழுவதும், தெருவே கேட்கும்படி, தெய்வத்துக்கு அதன் கடமையை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறாள்.

பிட்சா என்ற வடசொல் பிச்சை என்ற வடிவில் தமிழில் கலந்து வெகுகாலம் ஆகிறது. மணிமேகலையில் ‘பாத்திரம் கொண்டு பிச்சை புக்க காதை’, ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’ என்று அடுத்தடுத்து இரண்டு காதைகளின் தலைப்பிலேயே இந்தச் சொல் நிற்கிறது. கற்புடைய ஆதிரையின் கையால் முதல் பிச்சை பெற்ற பிறகுதான் அமுதசுரபி ஊரின் பசியைத் தீர்க்கத் தொடங்குகிறது. கபாலம் ஏந்தி வீடுவீடாகச் செல்லும் சிவன் பிட்சாடனர்; தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அவர் பெயர் பிச்சதேவர். தாராசுரத்திலிருந்து கொண்டுவரப்பட்டுத் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இன்று நிற்கும் பிட்சாடனர் சிற்பத் தொகுதியின் முன்னால் சற்று நேரம் நின்றவர்களுக்கு, அந்தக் காலத்தவர்கள் இரந்து செல்லும் உருவத்தில் எவ்வளவு கம்பீரத்தைக் கண்டார்கள் என்பது விளங்கும். திருச்சிராப்பள்ளிக்கு அருகே ஓர் ஊருக்கே பிச்சாண்டார்கோயில் என்று பெயர். பிச்சாண்டி, பிச்சாண்டார் ஆகிய ஆட்பெயர்கள் இந்த மூர்த்தியின் வழியாக வந்தவை. வேண்டுதலில் பிறந்த பிச்சையும் சாமி பெயராக வந்த பிச்சாண்டியும் வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து வந்து ஊர்வழக்கில் கலந்துவிட்டன. பூணூல் கல்யாணத்தில் சிறுவன் முதலில் கற்பது தாயிடம் பிட்சை கேட்கத்தான். தியாகராஜ சுவாமிகள் உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தவர். இரந்து பெறுவதை இழிவாக மட்டும் பார்க்காத ஒரு சமூகத்தில்தான் இந்தப் பெயரும் தலைநிமிர்ந்து நடக்க முடிந்தது.

பிச்சைக்கு உறவுப் பெயர்கள் உண்டு. அவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் வழக்கத்தின் முழு அகலமும் தெரியும். குழந்தையை முறத்தில் இட்டுக் குப்பைமேட்டில் கிடத்திவிட்டு, பிள்ளைகள் தங்கிய வேறொரு பெண் எடுத்துவருவது ஒரு முறை. அப்படி எடுக்கப்பட்ட குழந்தை குப்பனாகவோ குப்பம்மாளாகவோ குப்புசாமியாகவோ வளர்ந்தது. அண்டை வீட்டுக்காரியிடம் குழந்தையைக் கொடுத்து, ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவது இன்னொரு முறை. தம்பி தங்கைகளை அழவைக்க, ‘உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்’ என்று நாம் எல்லாரும் சொல்லியிருக்கிறோம். அந்தக் கேலிக்குள் புதைந்திருப்பது இந்தச் சடங்குதான். மூக்குக் குத்தப்பட்ட பிள்ளைகள் மூக்கன், மூக்காயி, மூக்கையா ஆனார்கள். நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு பிறந்த இந்துப் பிள்ளைகளுக்குத் தஞ்சை, நாகைப் பகுதிகளில் பக்கிரி என்றும் பக்கிரிசாமி என்றும் பெயர் வைத்தார்கள். பக்கிரி என்றாலும் இரந்து வாழும் துறவிதான். பிச்சை என்ற அதே வேண்டுதல் தர்கா வாசலில் நிற்கும்போது பக்கிரி ஆகிறது. நாகசுர மேதை மன்னார்குடி சின்னப் பக்கிரியின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த வழி நினைவுக்கு வரும்.

இந்தப் பெயர்கள் ஏழைகளுக்கும் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் மட்டும் உரியவை என்று நினைப்பது தவறு. தியாகராஜரின் முதன்மைச் சீடர்களுள் ஒருவர் திருவொற்றியூர் வீணை குப்பய்யர். பாரதியார் காசியில் தங்கிப் படித்தது தம் அத்தை குப்பம்மாளின் வீட்டில். வடமொழிப் பேரறிஞர் குப்புசாமி சாஸ்திரியின் பெயரால் மயிலாப்பூரில் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. புதுக்கவிதையின் முன்னோடியான ந. பிச்சமூர்த்தியின் இயற்பெயர் வேங்கட மகாலிங்கம். நிலைத்தது என்னவோ வீட்டார் அழைத்த பிச்சைதான். செட்டிநாட்டில் அது பிச்சப்பன் ஆகும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து மரபணு ஆய்வாளர் பிச்சப்பனைப் பலர் அறிவார்கள். திருச்சிராப்பள்ளியில் பிச்சை இபுராகீம் புலவர் என்று இசுலாமியத் தமிழ்ப் புலவர் ஒருவர் வாழ்ந்தார். கிறித்தவர்களில் பிச்சைமுத்து பரவலான பெயர். பெயரைக் கேட்டவுடன் சாதியும் மதமும் தெரிந்துவிடும் நம் நாட்டில், இது எதையும் காட்டிக்கொடுக்காத அரிய பெயர்களில் ஒன்று. அது காட்டிக்கொடுத்தது ஒன்றைத்தான்: இந்த வீட்டில் இதற்கு முன் பிள்ளை செத்திருக்கிறது.

தமிழ் எல்லையைத் தாண்டினாலும் இதே அச்சமும் இதே தந்திரமும்தான். தெலுங்கில் பெண்டய்யாவும் கன்னடத்தில் திப்பையாவும் குப்பைமேட்டுப் பிள்ளைகள். 1908இல் தூக்கிலிடப்பட்ட வங்காளப் புரட்சியாளர் குதிராம் போஸுக்கு முன்னால் பிறந்த ஆண் குழந்தைகள் இறந்துவிட்டதால், அவருடைய அக்காள் மூன்று பிடி நொய்யரிசி கொடுத்து அவரை வாங்கினார். நொய்க்கு வங்காளத்தில் குத். ஒடியா உரைநடையின் தந்தையாகப் போற்றப்படும் பக்கீர் மோகன் சேனாபதி பிறந்தபோது பிரஜமோகன். சிறுவயதில் நோயில் கிடந்தவரைப் பீர் எனப்படும் இசுலாமிய ஞானியருக்கு நேர்ந்துகொண்டு பிழைக்கவைத்த பாட்டி, அவரைப் பக்கீர் ஆக்கினார். இந்துப் பாட்டி ஒருத்தி பேரனைக் காப்பாற்ற மதத்தின் வேலியைத் தாண்டிப் போவது நாகூரிலும் சேனாபதியின் ஊரான பாலசோரிலும் ஒன்றுபோலவே நடந்திருக்கிறது.

பெரியாழ்வார் இதை ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார். பிள்ளைகளுக்குப் பெயரிடுவதைப் பற்றியே அவர் ஒரு பதிகம் பாடியிருக்கிறார். காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு வீணான பெயர்களை இடாதீர்கள், திருமாலின் பெயரை இடுங்கள் என்று பெற்றோரைக் கடிந்துகொள்கிறார். ‘நாரணன் தம் அன்னை நரகம் புகாள்’ என்று பாட்டுக்குப் பாட்டு உறுதி தருகிறார். அந்தப் பதிகத்தின் அழகில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் மறுமையில் தாய்க்கு என்ன கிடைக்கும் என்பதையே அது பேசுகிறது. பிச்சை என்று பெயரிட்டவளுக்குத் தன் மறுமையைப் பற்றிய கவலை எழுவதற்கு முன், குழந்தை விடிகாலை வரை மூச்சு விடுமா என்ற கவலை இருந்தது. நாராயணன் என்ற பெயரை முதல் பிள்ளைக்கு வைத்து, அந்த நாராயணனையே மண்ணில் புதைத்துவிட்டு வந்த தாய்மாரும் இருந்திருப்பார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்வது பழமையை மெழுகுவதாகிவிடும். இழிவான பொருளுள்ள பெயர்கள் எல்லாமே அன்பினால் வைக்கப்பட்டவை அல்ல. ஒடுக்கப்பட்ட மக்கள் தம் பிள்ளைகளுக்கு மதிப்பான பெயர் வைக்கக் கூடாது, வைத்தாலும் அதைச் சொல்லி அழைக்க மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் அடாவடி செய்த ஊர்கள் பல. மண்ணாங்கட்டி, அமாவாசை போன்ற பெயர்கள் அப்படி ஒட்டவைக்கப்பட்டதும் உண்டு. ‘சாமி’ என்று முடியும் பெயரை ஒருவர் வைத்துக்கொண்டார் என்பதற்காகவே அவரைப் பாதிப் பெயரில் கூப்பிட்டார்கள். அதே பெயர் ஒரு வீட்டில் நேர்ச்சையாகவும் அடுத்த தெருவில் அவமதிப்பாகவும் இருந்திருக்கிறது. வைத்தவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் அது எது என்று சொல்ல முடியும். அடுத்தடுத்துப் பெண் பிறந்துவிட்டது என்று வேண்டாம், போதும்பொண்ணு என்று வைத்த பெயர்களும் இந்த வரிசையில் சேரா. அவை குழந்தையைத் தள்ளிவிடும் பெயர்கள். பிச்சையம்மாள் என்பது பெண் குழந்தை ஒன்றை எப்படியாவது தக்கவைக்க வேண்டும் என்று மடியேந்திய ஒருத்தி வைத்த பெயர்.

சரி, இந்தப் பெயர் ஏன் மறைந்தது? குழந்தைச் சாவு குறைந்தது, ஆகவே பெயர் மறைந்தது என்பது எளிய விடை. எண்களும் அதற்கு ஒத்துவருவதுபோல் தோன்றும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 200 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்குப்படி அது 1971இல் 129, 2020இல் 28. தமிழ்நாட்டில் 2020இல் 13. இந்தச் சரிவுக்குப் பின்னால் அம்மை குத்தியவர்கள், வீடுவீடாக நடந்த செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையங்கள், 1985இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் என்று எத்தனையோ பேருடைய உழைப்பு இருக்கிறது. பெரியம்மை இந்தியாவில் 1975இல் ஓய்ந்தது. தொப்புள்கொடியை அறுக்கும் கத்தியின் வழியாக வந்து, ஒரு வாரத்துக்குள் குழந்தையை இழுப்பில் கொன்ற பச்சிளங்குழந்தை இரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அப்பாயி இழுப்பு என்று சொன்னது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். தாத்தாவின் தாய் தெய்வத்திடம் கேட்டதை, ஒரு சொட்டு மருந்தும் கொதிநீரில் போட்ட கத்தியும் தர முடியும் என்று அவருக்குச் சொல்ல அந்த ஊரில் அன்று யாரும் இல்லை.

ஆனால் காலத்தை உற்றுப் பார்த்தால் இந்த விடை போதவில்லை. 1971இல்கூட எட்டுக் குழந்தைகளில் ஒன்று செத்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டுகளில் பிறந்த என் தலைமுறையினரில் பிச்சை என்று பெயர் கொண்டவர் எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை. ஆக, பிள்ளைகள் பிழைக்கத் தொடங்குவதற்கு முன்பே பெயர் பின்வாங்கத் தொடங்கிவிட்டது. அதற்குப் பள்ளிக்கூடம் முதல் காரணம் என்பது என் எண்ணம். வீட்டிலும் வயலிலும் எல்லாருக்கும் பழகிப்போன பெயரை, வகுப்பில் வருகை எடுக்கும்போது உரக்கப் படித்தால் மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். இரக்கமுள்ள ஆசிரியர்கள் பதிவேட்டில் பிச்சையோடு ஒரு முத்தையோ கண்ணையோ சேர்த்து எழுதினார்கள். பிச்சைமுத்து, பிச்சைக்கண்ணு என்ற பெயர்கள் எல்லாம் இப்படி வந்தவை அல்ல என்றாலும், எங்கள் பக்கத்தில் சில இப்படித்தான் வந்தன. இரத்தல் குற்றமாகவும் ஆகியிருந்தது. சென்னை மாகாணத்தில் பிச்சையெடுப்பதைத் தடுக்கும் சட்டம் 1945இலேயே வந்துவிட்டது. மடிப்பிச்சையையும் உஞ்சவிருத்தியையும் மதித்த அதே சொல், காவலர் துரத்திப் பிடிக்கும் ஆளைக் குறிக்கத் தொடங்கியது.

அடுத்து வந்தது தன்மானத்தின் காலம். நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் இராமையா அன்பழகனாகவும் மாறிய அந்தத் தலைமுறை, பெயர் என்பது ஒருவர் தம்மைப் பற்றி உலகத்துக்கு அறிவிக்கும் முதல் செய்தி என்று கற்றுக்கொடுத்தது. அந்த இயக்கத்துக்கு நான் கடன்பட்டவன். என் அப்பா தம் பிள்ளைகளுக்கு நல்ல தமிழ்ப் பெயர்களைத் தேடி வைத்தது அதனால்தான். குப்பனும் மண்ணாங்கட்டியும் தம் பிள்ளைகளைத் தமிழ்ச்செல்வன் என்றும் வெற்றிச்செல்வி என்றும் அழைத்ததில் இருந்த விடுதலையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. அந்த வெள்ளத்தில் பிச்சையும் சேர்ந்து அடித்துச் செல்லப்பட்டது. அது வேறு வகைப் பெயர் என்று நின்று விளக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. வளர்ந்தபின் தமிழ்நாடு அரசிதழில் விளம்பரம் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொண்டவர்களையும் அறிவேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வேலைக்கு விண்ணப்பிக்கும் இடத்தில் பெயரைக் கேட்டு ஒருவர் உதட்டைப் பிதுக்கும்போது, கொள்ளுப்பாட்டியின் வேண்டுதலை அங்கே நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

எனக்குள்ள வருத்தம் வேறு. பிறப்பு, இறப்புப் பதிவை நாடு முழுவதும் ஒரே சீராகக் கட்டாயமாக்கிய சட்டம் 1969இல்தான் வந்தது. அதற்கு முன்பு கிராமத்தில் பிறந்து பெயர் வைக்குமுன்பே இறந்த குழந்தைகள் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. பெரியவர்களுக்கு உள்ள காரியமும் திதியும்கூட அவர்களுக்கு இல்லை. அவர்கள் வாழ்ந்ததற்கு எஞ்சிய ஒரே சான்று, அவர்களுக்குப் பின் பிறந்து பிழைத்த குழந்தையின் பெயர்தான். எங்கள் குடும்ப மரத்தை உறவினர் ஒருவர் கணினியில் அழகாக வரைந்தபோது, தாத்தாவைத் தலைமகன் என்று போட்டிருந்தார். தலைமகனுக்குப் பிச்சை என்று பெயர் வைக்க மாட்டார்கள், அவருக்கு முன்னால் இடம் விடுங்கள் என்று சொன்னேன். காலியாக விடப்பட்ட அந்தக் கட்டங்கள் இப்போதும் அந்தப் படத்தில் இருக்கின்றன. பிச்சைகளும் குப்புசாமிகளும் மூக்கையாக்களும் உள்ள எந்தக் குடும்ப மரத்திலும் இப்படிச் சில கட்டங்களைச் சேர்க்க வேண்டியிருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் சில கிழவிகள் நம்மிடையே இருக்கிறார்கள்.

பெயராக மறைந்த பிச்சை, வேறு வடிவங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அது முன்னெழுத்துக்குள் சுருங்கியிருக்கிறது. மலேசியாவிலோ தந்தையின் பெயரை முன்னெழுத்தாகக் குறுக்காமல் அடையாள அட்டையில் முழுமையாக எழுதுகிறார்கள். ஆகவே தோட்டங்களுக்குச் சென்ற முதல் தலைமுறையின் பிச்சைகளை அவர்களுடைய மக்களின் அட்டைகளில் முழுதாகவே படிக்கலாம். மேற்கு நாடுகளுக்குப் போனவர்களிடம் அது குடும்பப் பெயராகி, தந்தையிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என்று இறங்கிக்கொண்டே போகிறது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த என் சித்தப்பாவின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் தாத்தாவின் பெயர் நின்றது. அங்கே பிறந்த பேத்தி வரை அது தொடர்கிறது. சித்தப்பாவின் மகன், தன் மகள் பள்ளியில் சேரும்முன் அதை மாற்றிவிட வேண்டும் என்று நினைத்து, சட்டப்படி என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தான். மாற்றாதே என்று நான் சொல்லவில்லை. அப்பாயி சொன்னவற்றை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினேன். படித்துவிட்டு அவன் தொலைபேசியில் அழைத்து, “அண்ணே, தாத்தாவுக்கு முன்னாடி எத்தனை பேரு?” என்று கேட்டான். மூன்று பேரை அப்பாயி சொன்னார், அதற்கு மேலும் இருந்திருக்கலாம் என்றேன். அந்த ஆண்டு செப்டம்பரில் மகள் பள்ளியில் சேர்ந்தபோது, படிவத்தில் குடும்பப் பெயரைப் பிச்சை என்றே நிரப்பியிருக்கிறான்.